ஞானராசாவுக்குப் பதில் சொன்னவர்கள்

வந்திருந்தவர்கள்: ரமிரோ, கனடாப் படையில் சாஜன் பதவியில் இருந்து ஓய்வு எடுத்தவர். அவர் மனைவி மார்த்தா. டொன் ஹசிந்தோ, கடற்படைக் கப்பலில் சமைத்தவர், எண்பது தாண்டிவிட்டார். எட்கார், இன்னமும் படையில் லொறி திருத்துகிறவர். கப்டன் லூசியா, சங்கத்தின் புதுத் தலைவி. விருந்தாளியாக வந்த ஒரு பெரிய அதிகாரி, அவருக்கு ஸ்பானியம் தெரியாது. இரண்டு விதவைகள், ஒருவர் சக்கர நாற்காலியில். இன்னும் இருபது முப்பது பேர், பிள்ளைகுட்டிகளோடு. பின்வரிசையில், கதவோரம், நான்.

என் பெயர் மகாலிங்கம். நான் படையில் இருந்தவன் அல்ல. ஸ்பானியம் பேசுகிற நாட்டுக்காரனும் அல்ல. யாழ்ப்பாணத்தான். மோர்னிங்சைட்டில் இருக்கிறேன், பனி தள்ளுவது தொழில். கனடாப் படையில் இருக்கிற, இருந்த ஸ்பானிய மொழிக்காரருக்கு ரொறன்ரோவில் ஒரு சங்கம் உண்டு. அஜின்கோர்ட்டில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ரில் கூடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், அங்கே என் தம்பியின் பெயரைக் கூப்பிடுவார்கள். போன நவம்பரில் கூப்பிடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அந்த வழக்கம் புதினமாக இருக்கும். முதலில் உயிரோடு இருக்கிறவர்களைக் கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் இடாப்பு கூப்பிடுகிற மாதிரி. கூப்பிட்டவர் "பிரெசென்தே" என்பார். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அது முடிய, செத்தவர்களைக் கூப்பிடுவார்கள். செத்தவருக்காக, இருக்கிற எல்லாரும் சேர்ந்து "பிரெசென்தே" என்று கத்துவார்கள். முணுமுணுப்பதில்லை. சுவர் அதிரும். முதல் முறை எனக்கு விளங்கவில்லை. ஆட்கள் இன்னும் வருகிறார்களாக்கும் என்று நினைத்து, பெயர் கூப்பிடக் கூப்பிட நாற்காலி விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். டொன் ஹசிந்தோ என் கையைப் பிடித்தார். டொன் என்றால் எங்கட அண்ணை மாதிரி. அவர்களோடு நான் பேசுவது அரைகுறை இங்கிலீஷ், அதை எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன்.

"போதும் மகா. அவையள் இருக்கமாட்டினம்."

"பிந்தி வருவினமோ?"

"இல்லை. நாங்கள்தான் பிந்திப் போவம்" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் ரமிரோ. எல் சல்வடோர் நாட்டுக்காரர். நான் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஒரு அறையில் நாங்கள் ஆறு பேர். ஒருநாள் எலிவேற்றர் திறந்தது, உள்ளே பச்சை உடுப்போடு ஒரு படைக்காரன். கதவு மூடிவிட்டது. அடுத்த மாடியில் கதவு திறந்த உடனே இறங்கி, மிச்ச மாடி எல்லாம் படியால் ஏறினேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அந்த ஆளும் என்னோடு இறங்கி, பின்னாலேயே படியேறி வந்தார். என் உயிர் போய்விட்டது. அவர் மூச்சு வாங்க நின்று கேட்டார், "எலிவேற்றரில ஏதும் பழுதோ?" நான் "ஓம்" என்றேன். அவர் கீழே போய்ப் பொறுப்பாளரிடம் முறைப்பாடு வேறு வைத்துவிட்டார். பிறகு லோன்றி அறையில் என் பயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் முந்தி உந்த உடுப்பைக் கண்டால் நடுக்கம்தான். எங்கட நாட்டுப் படை அப்பிடி."

"பிறகு ஏன் போட்டனீ?"

"நல்ல சப்பாத்துக் குடுத்தவங்கள். குளிர் தெரியுந்தானே?"

பிறகு நான் கலியாணம் கட்டி, மோர்னிங்சைட்டுக்குப் போய், ஒரு பழைய பிக்கப் வாங்கி அதன் மூக்கில் பனி தள்ளும் தகடு பூட்டினேன். அதோடு ரமிரோ பிடித்துக்கொண்டார். அவர்கள் சங்கம் கூட்டம் மட்டும் வைக்கிற சங்கம் அல்ல. பழைய படையாட்களின் விதவைகளுக்கு வாசலில் பனி தள்ளிக் கொடுப்பார்கள். சனிக்கிழமைகளில் சூப்பும் புப்புசாவும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். புப்புசா என்பது மாவுக்குள் பயறும் சீஸும் வைத்துத் தட்டிச் சுடுகிற ரொட்டி, மார்த்தாவின் கை அதற்கென்றே செய்தது. உறவில்லாத ஆள் செத்தால் பெட்டி தூக்குவார்கள். ஒருமுறை பெட்டிக்கு ஆள் குறைந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். உள்ளே கிடந்தவரை எனக்குத் தெரியாது, நல்ல பாரம். அதற்குப் பிறகு என்னை டொன் மகா என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

என் மனைவிக்கு இது பிடிபடவே இல்லை. "இஞ்சேருங்கோ, உங்களுக்குத் தமிழ்ச் சங்கம் ஒண்டும் கிடைக்கேல்லையே? ஊர்ச் சங்கம் இருக்கு. பழைய மாணவர் சங்கம் இருக்கு."

"பழைய மாணவனா இருக்கிறதுக்கு முதல்ல மாணவனா இருந்திருக்க வேணும். எட்டாம் வகுப்போட விட்டவனை ஆர் சேர்ப்பினம்?"

"ஓ, அவங்கள் மட்டும் சேர்ப்பாங்கள். நீங்கள் ஸ்பானியத்தில டிகிரி."

சிரித்துவிட்டு விட்டேன். காரணம் அது அல்ல.

காரணம் ஞானராசா. என் தம்பி. எங்கட நாட்டில் அந்த நாட்களில் பல இயக்கங்கள் இருந்தன. எல்லாருக்கும் ஒரே எதிரி என்றார்கள். தம்பி ஒரு சின்ன இயக்கத்துக்குப் போனான். பிறகு பெரிய இயக்கம் சின்னதை அழித்தது. தம்பியைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். கழுத்தில் துரோகி என்று மட்டை தொங்கியது. பிரேதம் தரவில்லை. செத்தவீடு செய்யக் கூடாது, சத்தம் போட்டு அழக் கூடாது என்று அயலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பெயரைச் சொல்வதே நின்று போயிற்று. அம்மா சாகும்போதும் சொல்லவில்லை. நவம்பர் கடைசியில் இங்கே எங்கட ஆட்களும் பெரிய மண்டபம் எடுத்து, பெரிய இயக்கத்தில் செத்த போராளிகளுக்கு நினைவுநாள் செய்கிறார்கள். மனைவியின் மச்சான் படம் அங்கே இருக்கிறது, கூட்டிக்கொண்டு போவேன். தம்பியின் படமும் வைக்கலாமோ என்று ஒருமுறை அங்கே நிற்கிற சிவம் அண்ணையிடம் மெல்லக் கேட்டேன். அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "உதுகளை இப்ப ஏன் கிளறுறீர்? சனம் வேற மாதிரிக் கதைக்கும்." நல்ல மனிசன்தான். எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

ரமிரோவிடம் நான் சொன்னது பிக்கப்புக்குள் வைத்து. பனி கொட்டிக்கொண்டிருந்தது, வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை. அவர்தான் கேட்டார், "உன்ர ஆக்கள் ஆரும் செத்தவையோ? பேரைச் சொல்லு. நவம்பரில கூப்பிடுவம்."

"என்ர தம்பி. ஆனா அவன் படைக்காரன் இல்லை. இயக்கம்."

"ஆர் சுட்டது? ஆமியோ?"

"எங்கட பக்கம்."

"அவன் எந்தப் பக்கம்?"

"அவனும் எங்கட பக்கம்."

ரமிரோ கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "என்ர தம்பி மொய்செஸும் படைக்காரன் இல்லை. மலையில படைக்கு எதிரா நிண்டவன். இஞ்ச ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. செத்தவன் செத்தவன்தான்."

பெயரைச் சொன்னேன். கனடாக்காரர் எங்கட ஞ எழுத்தைக் கடித்துத் துப்புவார்கள். க்னானா என்பார்கள். ரமிரோ ஒரே தடவையில் சொன்னார், "ஞானராசா." ஸ்பானியத்தில் ஞ இருக்கிறது. எழுத்துக்கு மேலே சின்ன நெளிவு போட்டு எழுதுகிறார்கள். அந்த நவம்பரில் மொய்செஸுக்கு அடுத்ததாக அவனைக் கூப்பிட்டார். மண்டபம் முழுக்க, எட்கார், மார்த்தா, பல்லில்லாத டொன் ஹசிந்தோ, எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள், "பிரெசென்தே!" செத்தபிறகு அவன் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஒரு நவம்பரும் நான் தவறவிட்டதில்லை.

கப்டன் லூசியா இங்கே பிறந்த பிள்ளை. தாய் தகப்பன் கொலம்பியா. சுறுசுறுப்பு. போன வருடம் தலைவியானதும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வெளிக்கிட்டார். நவம்பர் கூட்டத்துக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்றபடியால், கூப்பிடுகிற செத்தவர் ஒவ்வொருவரும் எந்தப் படை, என்ன பதவி என்று ரமிரோவிடம் கேட்டிருக்கிறார். பெயர் கூப்பிடுகிற பொறுப்பு எப்போதும் ரமிரோவுடையது. இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தவை. அன்றைக்கு நான் வழமை போல வாசலுக்கு உப்புப் போட்டுவிட்டு, கதவோரம் வந்து நின்றேன்.

ரமிரோ கோட்டில் மெடல் குத்தியிருந்தார். இருக்கிறவர்களைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். பதில் சொன்னேன். பிறகு செத்தவர்கள். "சோல்தாதோ மொய்செஸ்" என்றார். சோல்தாதோ என்றால் படைச் சிப்பாய். இவ்வளவு காலமும் வெறும் மொய்செஸ்தான். மார்த்தா நிலத்தைப் பார்த்தார். எல்லாரும் பதில் சொன்னார்கள், நானும் சொன்னேன். அடுத்ததற்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன். வேறு பெயர் வந்தது. அதற்கடுத்தது வேறு. ரமிரோ கடைசிவரை கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

கோப்பியோடு லூசியாதான் என்னிடம் வந்தார். "டொன் மகா, கோவிக்காதேங்கோ. உங்கட தம்பியைப் பற்றி ரமிரோ சொன்னவர். ஆயுதக் குழு எண்டால் எங்களாலை ஏலாது. நாங்கள் கனடாப் படைச் சங்கம். உங்களுக்கு விளங்கும்."

"ஓம்."

"ரமிரோவுக்கும் சரியான கவலை. அவரும் தம்பியைக் குடுத்தவர்தானே. அவரின்ர தம்பி படையில இருந்தவர் எண்டபடியால் பிரச்சினை இல்லை."

நாக்கு நுனியில் வந்தது. ஒரு சொல் போதும், மொய்செஸும் போய்விடுவான். லூசியா நல்ல பிள்ளை, உண்மை தெரிந்தால் அன்றைக்கே வெட்டிவிடுவார். அங்கால் மார்த்தா அதிகாரிக்குப் புப்புசா வைத்துக்கொண்டு நின்றார், கண் எங்கள் பக்கம்தான். நான் கோப்பியைக் குடித்தேன். "ஓம், பிரச்சினை இல்லை" என்றேன்.

ரமிரோ என் பிக்கப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மெடலைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார்.

"மகா, பட்டியலில இருந்து ரெண்டு பேரும் போகவேணும். இல்லாட்டி ஒராள் போகவேணும்."

நான் உப்பு வாளியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன்.

"மார்த்தா அவன்ர பேரைக் கேக்கத்தான் வாறவள். அவள்தான் அவனை வளத்தவள். நான் என்ன செய்ய?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் நீ ஓம் எண்டிருப்பாய். அதாலதான் சொல்லேல்லை."

அது உண்மை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். தம்பியைச் சுட்டவர்கள் என்னிடம் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. சுட்டவர்கள் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் அல்ல.

"நான் வீட்டில சொல்லுறன் மகா. மொய்செஸுக்கு மெழுகுதிரி கொளுத்தேக்க ஞானராசாவையும் சேர்த்துச் சொல்லுறனான். இனியும் சொல்லுவன்."

"அது வீடு" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது கூட்டத்துக்குப் போவதில்லை. டொன் ஹசிந்தோ இரண்டு தரம் போன் எடுத்தார், ஏன் என்று கேட்டார். முதுகு வலி என்றேன். விதவைகளின் வாசலை மட்டும் இப்போதும் தள்ளிக் கொடுக்கிறேன். பனிக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ரமிரோவின் வாசலை விட்டுவிடுகிறேன். அவரே மண்வெட்டியோடு நிற்பார், நான் அந்தத் தெருவைக் கடக்கும்போது கை தூக்குவார். நான் ஹெட்லைற்றை ஒருதரம் அணைத்துப் போடுவேன். அதுவும் மரியாதைக்கு.

அந்த நவம்பர் கடைசியில் மனைவியை எங்கட ஆட்களின் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படங்களுக்கு முன்னால் பூப் போட்டுவிட்டு வந்து காரில் ஏறினா. கண் சிவந்திருந்தது. "உங்கட தம்பிக்கும் சேர்த்து ஒரு பூ வச்சனான். மச்சான்ர படத்தடியில. ஒருத்தருக்கும் தெரியாது" என்றா. மனைவி அவனைக் கண்டதில்லை. "உங்கட தம்பி" என்றுதான் சொல்வா, பெயர் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு அவன் செத்துப்போன ஒரு சித்தப்பா, அவ்வளவுதான்.

மார்க்கம் ரோட் சிக்னலில் சிவப்பு. அவன் பெயரைச் சத்தமாகச் சொல்கிற ஆட்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தேன். வவுனியாவில் அக்கா, இப்போது பயமில்லை, சாமி கும்பிடும்போது சொல்வா. பிறகு நான், இந்தக் காருக்குள், தனியே போகும்போது. அடுத்த ஆளைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

சேர்த்தேன்.

மூன்று பேர்.