விமானம் ஏறக்கூடாத கண்

பாங்கொக்கில் எங்கள் விடுமுறையின் மூன்றாம் நாள் காலை, என் கணவர் பல் துலக்கிவிட்டு வந்து, வலது கண்ணின் ஓரத்தில் யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டது போல் இருக்கிறது என்றார். மத்தியானத்துக்குள் அந்தத் திரை பாதிக் கண்ணை மூடிவிட்டது. ஆஸ்பத்திரியில், விழித்திரை கழன்றுவிட்டது என்று சொல்லி அன்றைக்கே ஒப்பரேஷன் செய்தார்கள். கழன்றதை ஒட்டிப் பிடித்திருக்க, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டார்கள்.

அந்தக் குமிழ் தானாகக் கரைய ஆறு வாரம் ஆகலாம். அதுவரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் குமிழ் வீங்கினால் பார்வை போய்விடும் என்றார் வைத்தியர். மலைப்பாதையும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் இரவும் பகலும் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். கண்ணில் வாயு இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய, கையில் ஒரு பச்சைப் பட்டியைக் கட்டி அனுப்பினார்கள்.

மெல்பேர்னில், கிரான்பர்னிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"சிக்ஸ் வீக்ஸ் ஹோட்டல்லயா அம்மா? அப்பாட வேர்க்குக்கு என்ன சொல்லுறது?"

அவர் அங்கே பஸ் ஓட்டுகிறவர்.

கோலாலம்பூரில் அவருடைய அக்கா இருக்கிறார். இங்கே வந்து இருங்கள், ரயிலிலேயே வரலாம் என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்த வைத்தியரும் தரைவழியாகப் போகலாம் என்றார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து, அந்த ரயில் பாதை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று போனில் தேடினேன். காரில் எத்தனையோ தடவை சிட்னிக்குப் போயிருக்கிறோம். வழியில் எது மேடு, எது பள்ளம் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை.

பின்னேரம் ரயில் ஏறினோம். மறுநாள் காலை மலேசிய எல்லையில் பாடாங் பெசாரில் இறங்கி, வேறு ரயில் மாற வேண்டும். அவர் நெற்றியைத் தலையணையில் ஊன்றி, சிறிய மேசையில் கவிழ்ந்திருந்தார். அவர் கண்ட தாய்லாந்து, பெட்டியின் தரையும் கடந்துபோன செருப்புகளும்தான்.

"வெளியால என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"வயல்."

"மாடு நிக்குதோ?"

"ரெண்டு எருமை நிக்குது."

கொஞ்ச நேரத்தில் செங்குத்தான பாறை மலைகள் தெரிந்தன. நான் அவற்றைப் பற்றிச் சொல்லவில்லை. தென்னை நிக்குது என்று சொல்லிவிட்டு, போனில் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

எதிர் இருக்கையில் இருந்தவர் அலோர் ஸ்டாரில் துணிக்கடை வைத்திருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண். பாங்கொக்கில் துணி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். என் கணவர் ஏன் தலையைத் தூக்குவதே இல்லை என்று கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். ஒரு வாரமாக யாரிடமாவது தமிழில் சொல்லக் காத்திருந்திருக்கிறேன் போல.

காலையில் படுக்கைகளை மடிக்க ஆள் வந்தபோது, என் கணவர் கைவிரல்களை இறுக்கிப் பொத்தியிருந்தார்.

"நோகுதோ?"

"நோகேல்ல."

"உண்மையைச் சொல்லுங்கோ."

"விடியத்தான் தொடங்கினது. கண்ணுக்கு மேல."

வைத்தியர் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருந்தார். கடுமையாக நோவெடுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரயில் ஹாட்யாய் நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அடுத்தது எல்லை. இங்கே இறங்குவதா என்று எழும்பி நின்றேன்.

அந்தப் பெண் ரயில்காரரிடம் தாய் மொழியில் ஏதோ விசாரித்துவிட்டு வந்தார்.

"அரை மணி நேரம் நிக்கும்க்கா. எறங்கணும்னா சொல்லுங்க, பேக்க நான் தூக்குறேன். இங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு."

பாங்கொக் ஆஸ்பத்திரி தந்த நம்பருக்கு எடுத்தேன். தாதி மெதுவான ஆங்கிலத்தில் கேட்டாள்: வாந்தி வருகிறதா, குமட்டுகிறதா? இல்லை. காவலுக்காகக் கண்ணுக்கு மேல் ஒட்டியிருந்த மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். ஒரு வாரமாக நான்தான் மருந்து விடுகிறேன். இருந்தும் அப்போது கை போகவில்லை. அந்தப் பெண் போன் வெளிச்சத்தைப் பிடிக்க, பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன். ஒட்டியிருந்த டேப் விலகி, கவிழ்ந்து படுத்ததில் மூடியின் விளிம்பு புருவ எலும்பில் பதிந்து, தோல் உரிந்திருந்தது.

மூடியில்லாமல் பத்து நிமிடம் பாருங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள் என்றாள் தாதி. ஜன்னலுக்கு வெளியே பொரித்த கோழி விற்றுக்கொண்டு போனார்கள். நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குறையுது," என்றார்.

"எனக்காகச் சொல்லுறியளோ?"

"இல்லை. உண்மையா குறையுது."

நான் நம்பவில்லை. சற்று முன்தானே நோவை ஒளித்தவர்.

"அண்ணே, பொய் சொன்னீங்கன்னா அக்கா இங்கயே எறக்கிருவாங்க," என்றார் அந்தப் பெண்.

அவர் தரையைப் பார்த்தபடியே, "எனக்குப் பசிக்குது. அந்தக் கோழியில கொஞ்சம் வாங்கும்," என்றார்.

குமட்டல் இல்லை, பசிக்கிறது. அதை நம்பித்தான் நாங்கள் இறங்காமல் இருந்தோம். அது சரியான முடிவா, வெறும் அதிர்ஷ்டமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எல்லையில் கமராவுக்கு முகத்தை நிமிர்த்தச் சொன்னார்கள். அவர் நிமிர்ந்த அந்தச் சில நொடிகளையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த ரயிலில் எங்கள் பைகளைத் தூக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண் அலோர் ஸ்டாரில் இறங்கிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கோலாலம்பூரில் குமிழ் நாளுக்கு நாள் சிறுத்தது. முதலில் பாதிக் கண்ணில் தண்ணீர் மட்டம் போல் ஆடியது. பிறகு கறுப்பு மிளகளவு. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, காணவில்லை என்றார். அங்குள்ள வைத்தியர் பார்த்துக் கடிதம் தந்த பிறகுதான் விமானம் ஏறினோம். மெல்பேர்ன் வரும்வரை நோகுதோ, நோகுதோ என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில், இன்னொருக்கால் கேட்டால் வேறு சீட்டில் போய் இருப்பேன் என்றார்.

பார்வை வந்தது, முழுதாக இல்லை. அந்தக் கண்ணுக்கு நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன. பஸ் ஓட்ட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. டிப்போவில் இருந்து மற்றவர்களுக்கு நேர அட்டவணை போடுகிறார். அதுவும் நல்ல வேலைதான் என்கிறார்.

எனக்குத்தான் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, குசினி ஜன்னலால் பக்கத்து வீட்டுத் தகர வேலியைப் பார்ப்பேன். கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, பிறகு மற்றக் கண். சில நாட்களில் இரண்டு தடவை பார்ப்பேன்.