போதும் என்றால் இன்னொரு கரண்டி

எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, சாப்பிட உட்கார்ந்து "போதுங்க" என்று சொன்னால் அதற்குப் போதும் என்று அர்த்தமில்லை. முதல் "போதுங்க" மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. இலைமேல் குனிந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "ஐயோ சாமி, வேண்டாமுங்க" என்று கதறினால்தான் பரிமாறுகிறவர் கரண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார். அப்போதும் விரலிடுக்கில் ஒரு சொட்டு நெய்யாவது விட்டுவிட்டுத்தான் நகர்வார். இப்படிப்பட்ட ஊரில், பரிமாறுவதில் பேர் வாங்கிய ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நான் எடை குறைத்த கதை இது.

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கருகிப்போன கிணற்று மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருகிற தோட்டத்துக்காரர்கள் வாயிலிருந்து வந்ததுதான். கம்பி சுற்றி முடியும்வரை அவர்களுக்கும் வேலையில்லை, பேச்சுத்தான். நல்ல சொலவடை ஒன்று விழுந்தால் எனக்கு அன்றைக்கு இரண்டு மோட்டார் கூடுதலாக வந்த மாதிரி. ஆனால் அவர்கள் வெறுங்கையோடும் வருவதில்லை. சத்தியமங்கலத்துக்காரர் வாழைத்தார் இறக்குவார். இன்னொருவர் ஆலையிலிருந்து சூடு ஆறாத வெல்லம் கொண்டுவருவார். தொழிலும் வளர்ந்தது, வயிறும் வளர்ந்தது. எழுந்து நின்றால் கால் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரிக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டன.

வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். ஓடுகிற மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே எந்தக் கோளாறு என்று சொல்கிறவன் நான். அந்தக் கையைத் தொட்டால் மட்டும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உப்புக்குக் கட்டுப்பாடு, பழத்துக்குக் கட்டுப்பாடு, எல்லாவற்றையும்விடத் தண்ணீருக்குக் கட்டுப்பாடு. ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில்தான். நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். அதனால் நான் வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். தாகமெடுத்தால் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அக்கட்டால் போய், குழாயைத் திறந்து குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

எங்கள் மகள் பெருந்துறையில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. "நான் குடுக்கறனுங்கம்மா" என்று அவள் அழுதபோது இவள் அடிக்கவே போய்விட்டாள். கடைசியில் என் ரத்தம் பொருந்தியது. நான் மருத்துவர் அறையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டரம்மா என் மார்பைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தார்.

"இந்த எடையோட உங்கள மேசையில ஏத்த மாட்டேனுங்க. சர்க்கரையும் எல்லையில நிக்குது. பன்னெண்டு கிலோவாவது குறைச்சிட்டு வாங்க. மாசத்துக்கு ரெண்டு கிலோ எறங்குனாப் போதும். அவசரப்பட வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம்."

நமக்குத்தான் நிதானம் என்றால் என்னவென்றே தெரியாதே. மறுநாளே சோற்றை நிறுத்தினேன். காலையில் வெள்ளரிக்காய், மத்தியானம் வெள்ளரிக்காய், பொழுதோடே மோர். நாலாம் நாள் பட்டறையில் மோட்டார் மூடியைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே மூடியோடு உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. வந்திருந்த சத்தியமங்கலத்துக்காரர்தான் முகத்தில் தண்ணீர் அடித்தார்.

"ஏனுங்க, கெணத்துல தண்ணியில்லாம மோட்டார ஓட்டக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிப்போட்டு, நீங்களே ஓட்டறீங்களா?" என்றார். பிறகு அவரே ஒன்று சொன்னார். நான் சேர்த்ததிலேயே உசத்தியான சொலவடை அது. "கெணத்துல தண்ணி கெடக்கறப்பவே மோட்டார நிறுத்தோணும். வயித்துல எடம் கெடக்கறப்பவே கை கழுவோணும்."

டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார், கொஞ்சம் திட்டோடு. பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், பிறகு இரண்டு பங்காகத் திரும்பி வரும். வேளைக்கு ஒரே வட்டல், அதாவது ஒரே தட்டுச் சாப்பாடு. அதில் பாதி காய்கறி. மிச்சப் பாதியில் ஒரு பங்கு சோறோ களியோ, ஒரு பங்கு பருப்போ பயிறோ முட்டையோ. இரண்டாம் தடவை வாங்கக் கூடாது. தினமும் வேர்க்கிற மாதிரி நடை. அவ்வளவுதான். "இதுல கஷ்டம் ஒண்ணுமில்லீங்களே" என்றேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். 

நடைக்குத் துணை, செம்புக் கம்பி வியாபாரம் செய்கிற பாய். கோட்டைமேட்டுக்காரர். கம்பியோடு பாத்திரக்கடையும் உண்டு. இருபது வருசப் பழக்கம். அவருக்கும் வயிறு எனக்குச் சளைத்ததில்லை. விடிந்ததும் உக்கடம் குளத்துக் கரையில் இரண்டு பேரும் நடப்போம்.

"அண்ணே, அந்த நாரையப் பாருங்க. ரெண்டு குச்சிக் கால வெச்சுக்கிட்டு நம்மள முந்தீருச்சு."

"அது வெறும் வயித்தோட நடக்குது பாய். நாம குடும்பத்தையே தூக்கிக்கிட்டு நடக்கறோம்."

முதல் வாரம் கரையின் பாதியிலேயே கல் பெஞ்சைத் தேடினோம். பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக ஆரம்பித்தன. கரை முடிகிற இடத்தில் ஒரு பேக்கரி உண்டு. நடந்து முடித்த ஜனமெல்லாம் அங்கேதான் நிற்கும், கையில் டீயும் பஃப்ஸும். "எறக்குனத இங்கயே ஏத்திக்கறாங்க பாருங்கண்ணே" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார் பாய். இழுக்கும்போது அவர் மூக்கு மட்டும் பேக்கரிப் பக்கமே இருக்கும்.

பட்டறையில் பழைய செம்பை நிறுக்கிற தராசில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏறி நின்றேன். முதல் மாதம் இறங்கியது. இரண்டாம் மாதம் முள் அசையவில்லை. மூன்றாம் மாதம் கொஞ்சம் ஏறியிருந்தது. தராசில்தான் கோளாறு என்று அதைப் பிரித்துக்கூடப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு சுற்று கூடுதலாக நடந்தேன், முழங்கால் வீங்கியது.

"ஒடம்பு வாகு அப்பிடிங்க மாமா," என்றாள் என் வீட்டுக்காரி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. "உங்கப்பாரும் இப்பிடித்தான இருந்தாரு. உட்டுருங்க. எனக்கு இதுவே பழகிப்போச்சு."

'இது' என்று அவள் சொன்னது அந்த ஊசிகளை.

ஒருநாள் மத்தியானம் கம்பிச் சுருளை இறக்க வந்த பாயைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் இருவருக்கும் கொள்ளுப் பருப்பு, பீர்க்கங்காய், கொஞ்சம் சோறு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நான் ஆரம்பிக்கும்போதே பாய் என் வட்டலைப் பார்த்தார். விளிம்பில் விரல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பாத்திரக்காரர் அல்லவா.

"அண்ணே, இது வட்டலுங்களா, தாம்பாளமுங்களா?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். அது எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுச் சீரில் வந்த வட்டல். மாப்பிள்ளை சாப்பிடுவதற்கென்று கொடுத்தது, இத்தனை வருசமாக அட்டாலியில், பரண்மேல், கிடந்தது. ஒரு குடும்பமே சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம். வேளைக்கு ஒரே வட்டல், பாதி காய், இரண்டாம் தடவை கிடையாது. ஒரு விதியும் தப்பவில்லை. வட்டல் மட்டும் வளர்ந்திருக்கிறது. கொள்ளுப் பருப்பை விரலால் தொட்டு முகர்ந்தேன். ஊத்துக்குளி நெய் மணத்தது.

பாய் அவசர அவசரமாகச் சாப்பிட்டு, "கடையில ஆளில்லீங்கக்கா" என்று கிளம்பிவிட்டார்.

"ஏனம்மணி, இந்த வட்டல் எப்ப அட்டாலில இருந்து எறங்குச்சு?"

"பழசு ஒடுங்கிப்போச்சுங்க."

"பழசு அலமாரில பளபளன்னு நிக்குதே."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நான் வேறென்னங்க மாமா பண்ணட்டும்?" என்றாள். "நல்லா இருக்கற ஒடம்புல கத்தி வெக்கறேங்கறாங்க. எனக்கு ஆனது ஆகட்டும். உங்களையும் அறுத்துப்போட்டு, நாளைக்கு உங்களுக்கொண்ணு ஆனா? நீங்க எளைக்கலீன்னா டாக்டரம்மாவே வேண்டாம்னு சொல்லீருவாங்க. வாயத் தொறந்து சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அதான் வட்டல்ல சொன்னேன்."

எல்லாவற்றுக்கும் ஒரு சொலவடை வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குச் சொலவடை இல்லாமலே பேசினேன். 

"இத்தன வருசமா நீ போட்டத நான் ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்கறனா கண்ணு? உப்பில்லாத போதும் தின்னேன், காந்தின போதும் தின்னேன். என்ற கையால உனக்கு ஒண்ணே ஒண்ணு வெக்கறேன். அதப் போயி வேண்டாம்ங்கறயே."

 முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வட்டலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், துடைத்தாள். பிறகு, "ஏணிய எடுத்துக்கிட்டு வாங்க. இத எறக்கறப்பவே எனக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு" என்றாள்.

ஆனால் அத்தோடு அவள் ஒப்புக்கொண்டுவிடவில்லை. அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது என்னை வாய் திறக்க விடாமல் அவளே கேட்டாள்.

"ஒண்ண எடுத்துப்போட்டா இவுரு மோட்டார் தூக்கலாமுங்களா? எத்தன காலத்துக்குத் தாங்குமுங்க? மறைக்காமச் சொல்லுங்க."

டாக்டரம்மா மறைக்கவில்லை. முழுக்கச் சோதித்துத்தான் எடுப்போம், ஒன்றை வைத்துக்கொண்டு பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள், ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். "ஆனா ஒண்ணுங்க. மறுபடி எடை ஏறி, சர்க்கரை வந்துச்சுன்னா, மிச்சமிருக்கறத அதுதான் கெடுக்கும். கத்தியவிட அதுக்குத்தான் நீங்க பயப்படோணும்."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். காந்திபுரம் தாண்டியதும் திரும்பினாள். "அப்ப உங்களக் கெடுக்கறதும் காப்பாத்தறதும் என்ற கரண்டிலதான் இருக்குதாக்கும்."

அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் இரண்டு ராஜ்ஜியம் நடந்தது. அவளுக்கான காயை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத் தனியாகச் செய்ய வேண்டும். அந்த நறுக்குகிற வேலை என்னுடையது. எனக்கான கொள்ளும், பச்சைப்பயிறு கடைசலும், கையளவு ராகிக் களியும், மலையளவு காயும் அவளுடைய பொறுப்பு. அரிசிம்பருப்பு சோற்றை அடியோடு நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை உண்டு, பழைய வட்டலில், ஒரு சொட்டு நெய்யோடு. "ஆசையப் பூட்டி வெச்சாப் பூட்ட ஒடைச்சுக்கிட்டு வந்துருமுங்க. சித்தெ கதவத் தொறந்து வெக்கோணும்" என்றாள். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பெருந்துறையில் சம்பந்தி வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. பந்தியில் என் இலையை நோக்கி ஒப்புட்டு, அதாவது போளி, வந்தது. "போதுங்க" என்றேன். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். அடுத்த நொடி என் இலைமேல் வளையல் போட்ட கை ஒன்று விரிந்தது.

"என்ற மாமனுக்கு வேண்டாமுங்க."

"ஒண்ணே ஒண்ணுங்கக்கா..."

"வேண்டாம்னா வேண்டாமுங்க! அவுரு ஒடம்புல பாதி என்னுது."

பந்தியே திரும்பிப் பார்த்தது. சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கே வெட்கம் வந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. நான் அவியலையே ஒப்புட்டாக நினைத்து மென்றேன். பரிமாறுவதில் பேர் வாங்கியவள் பரிமாற விடாமல் தடுத்துப் பேர் வாங்கினாள் என்று அந்தப் பக்கத்து ஒறம்பரைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எடை இறங்கியது. மெதுவாக, அதுவும் சில வாரம் இறங்காமல் அடம்பிடித்து. மழைக்காலத்தில் குளத்துக் கரைக்குப் போக முடியாதபோது பாயின் பாத்திரக் கிடங்குக்குள்ளேயே குண்டாக்களுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி நடந்தோம். முழங்கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் பட்டறையில் எழுந்து நின்றபோது கீழே இரண்டு கால் தெரிந்தது. ஒரு செருப்பு பிய்ந்திருந்தது. எத்தனை நாளாகப் பிய்ந்திருந்ததோ.

டாக்டரம்மா அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத் தேதி குறித்தபோது, என் வீட்டுக்காரி இடது கையை வலது கையால் மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபரேசனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது வலித்தது. "அவ எப்பிடி?" என்று கேட்டேன். வேலை செய்யுதுங்க என்று நர்சம்மா சொன்னார். ஒரு மோட்டார்க்காரனுக்கு அதைவிட நல்ல வார்த்தை உண்டா?

வீடு திரும்பிக் கொஞ்ச நாளிருக்கும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பேன், அவள் முகமூடியோடு நாற்காலியில் இருப்பாள். இனி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. அவளுக்கோ பழக்கம் விட்டுப்போயிருந்தது. சின்ன டம்ளரில் ஊற்றி, மருந்து மாதிரி நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பெரிய சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு முகமூடியை இறக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டையில் வழிந்து ஜாக்கெட் நனைந்தது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியையும் குடித்தாள்.

"போதுங்க மாமா," என்றாள்.

நான் குடத்தைச் சாய்த்து இன்னொரு சொம்பு நிறைத்தேன்.