பெயின்ட் அடித்த தங்கம்

ஒன்பதாம் வகுப்புக்குத் தங்க வேட்டைப் பாடம். கலிபோர்னியாவில் ஆற்று மணலில் தங்கம் கண்டதும் சனம் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஓடியதென்று நான் உருகிச் சொல்ல, கடைசி வாங்கில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாள் குறுணிக் கற்களுக்குத் தங்க நிறப் பெயின்ட் அடித்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாவிக்கரை மணலில் கலந்துவிட்டு, ஆளுக்கொரு தாச்சியைக் கொடுத்து அரிக்கவிட்டேன். பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டு அரித்தார்கள். வரலாறு படிப்பிக்க என்னை விட்டால் ஆளில்லை என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கரையில் பாதி ஊர். மண்வெட்டி, அரிதட்டு, ஒருவர் தோணித் துடுப்பாலேயே கிளறிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் தங்கம் எடுத்தார்களாம்.

புதையல் தோண்டினால் பொலிஸ் பிடிக்கும், தோண்ட வைத்தவனைத்தான் முதலில். பத்திரிகைப் படத்துக்கு எந்தச் சட்டை நல்லது என்பதுவரை யோசித்துவிட்டேன். வீட்டுக்கு ஓடலாமென்றால் மோட்டார்சைக்கிளைப் பூட்டிய திறப்பைக் காணவில்லை. கடைசியில் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

"எல்லாம் பெயின்ட், பெயின்ட்" என்று கத்தினேன்.

"மிச்சம் இருந்தா பள்ளிக்கூடக் கதவுக்கும் அடிச்சுவிடுங்க சேர், உக்கிப் போய்க் கிடக்கு" என்றார் துடுப்புக்காரர். சிரித்தும் ஏசியும் சனம் கலைந்தது.

ஒருவர் மட்டும் போகவில்லை. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய். குழிக்குள் நின்று கிண்டிக்கொண்டே இருந்தார்.

"பெயின்ட் எண்டு சொல்றன், கேக்கல்லையா?"

"தெரியும் சேர். மகள் நேத்தே காட்டினவள்."

"மறுகா என்னத்துக்குக் கிண்டுறீங்க?"

"சுனாமியில எங்கட வீட்டுச் சாமானெல்லாம் இந்தக் கரையிலதான் வந்து ஒதுங்கினது. மூத்தவள்ற காதில அண்டைக்குத் தோடு கிடந்தது. தனியக் கிண்டினா விசரி, பைத்தியம் எண்டுவாங்க. இண்டைக்கு ஊரே கிண்டினது."

சுனாமி கொண்டுபோன அந்த மூத்தவள் இன்றுவரை கிடைக்கவில்லை.

இவருக்கு மறைப்பாக நின்ற சனத்தை என் பயத்தால் நானே கலைத்திருந்தேன். போய்க்கொண்டிருந்த சிலர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினேன்.

"நீங்க இடத்தைக் காட்டுங்க. விசர்ப் பட்டம் எனக்குப் பழகினது."

அவர் காட்டக் காட்டத் தோண்டினேன். மட்டி, ஓட்டுத் துண்டு, ஏதோவொரு போத்தல் மூடி. தண்ணீர் ஊறிக் குழி கலங்கியது. பள்ளிக்கூட மணி அடித்தது.

"காணும் சேர், போதும்" என்றார்.

தோண்டத்தான் என்னை விட்டார், குழியை மூட விடவில்லை. மண்வெட்டியையும் தொடாமல், குந்தியிருந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார்.