பேச்சு இல்லாத இரண்டு பேர் மூச்சுப் பிடித்த கதை

என் தங்கை வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டுகிறவர். இருபத்தாறு வருடமாக அதே கடை, அதே தண்ணீர்த் தொட்டி. ட்யூபைத் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார். வந்த இடத்தில் விரலை வைத்து, வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து, "இங்கதான்" என்பார். வந்தவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்ப்பதில்லை. ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் குணம் தொழிலுக்கு நல்லது. குடும்பத்துக்கு ஆகாது.

நான் கொத்தனார். டைல்ஸும் போடுவேன். சொந்தமாக வீடு கட்டி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கை கழுவப் போன மாப்பிள்ளை, குளியலறைத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்து, "மச்சான், தண்ணி ஓட்டைக்குப் போகல. வாசலுக்கு வருது" என்றார். பன்னிரண்டு பேரும் எழுந்து போய் வரிசையில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் வாசலுக்குத்தான் வந்தது.

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. மூன்று வருடம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஒன்றாகக் கடலுக்குப் போனோம். அதற்குக் காரணம் என் தங்கை.

மாப்பிள்ளைக்கு முங்கி மீன் குத்துவதில் பைத்தியம். முதுகில் காற்று உருளை எதுவும் கிடையாது. ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரப்பர் பட்டை வைத்த ஈட்டித் துப்பாக்கியால் குத்திவிட்டு, அதே மூச்சில் மேலே வர வேண்டும். முன்பெல்லாம் தனியாகத்தான் போவார். எங்களுக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் அதே மாதிரி தனியாகப் போய், இடுப்பளவு ஆழத்தில் கவிழ்ந்து கிடந்ததை மதியம்தான் பார்த்தார்கள். நன்றாக நீந்தக்கூடிய ஆள். அந்தச் செய்தி கேட்ட அன்று என் தங்கை சொல்லிவிட்டாள்.

"அண்ணன் கூட வராம நீங்க தண்ணியில கால் வச்சா, துப்பாக்கியை நானே உடைச்சு அடுப்புல போட்டுருவேன்."

துப்பாக்கி அலுமினியம். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் பயிற்சிக்கும் அவள்தான் அனுப்பினாள். நீச்சல் குளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். கறாரான ஆள். மூச்சை நீட்டிப் பழகுவதெல்லாம் தரையில் படுத்துக்கொண்டுதான். தனியாக இருக்கும்போது குளியல் தொட்டியில்கூடக் கூடாது என்றார். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு மேலே ஓய்வு. முங்கியவர் மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, விரலை வளையமாகக் காட்டி, வாயைத் திறந்து "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் முப்பது விநாடி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. நினைவு தப்புவது பெரும்பாலும் மேலே வந்த பிறகுதானாம்.

இறங்குவதற்கு முன் புஸ்புஸ் என்று வேகமாக ஊதக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னார். அப்படி ஊதினால் உள்ளே காற்று அதிகமாகாது. வயிறு துடித்து "மேலே போ" என்று சொல்கிற எச்சரிக்கைதான் தள்ளிப்போகும்.

"புரியுதுங்க. ட்யூப்ல காத்து ஏறல, மீட்டர் முள்ளை உடைச்சிட்டோம்" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மா தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். வேறு யார் சொன்னதையும் அவர் எழுதி நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் குளியலறைக்கு முன்பு நடந்தது. பேச்சு நின்ற பிறகு, இனி கடலுக்கும் சேர்ந்து போக முடியாது என்று தங்கையிடம் சொன்னேன்.

"உன்னை யாரு அண்ணே பேசச் சொன்னா? பாத்தாப் போதும்" என்றாள்.

அப்படியே போனோம். துறைமுகச் சுவரைத் தாண்டினால் பாறைகள். சிவப்பு மிதவையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்தபடி நீந்துவோம். அவர் முங்குவார். வருவார். "நல்லா இருக்கேன்" என்பார். நான் முங்குவேன். வருவேன். "நல்லா இருக்கேன்" என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது தடவை. பேச்சு இருக்கிற மச்சான் மாப்பிள்ளை யாரும் இத்தனை தடவை நலம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை விடாப்பிடியான ஆள். முதலில் படுக்கையில் படுத்து மூச்சைப் பிடித்தால் ஐம்பத்தைந்து விநாடிதான் வரும். தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் நேரம் பார்ப்பாள். நேரம் கூடிய பிறகு, ஒன்றரை நிமிடம் பிடிப்பு, இரண்டு நிமிடம் ஓய்வு. மறுபடி ஒன்றரை, ஓய்வில் கால் நிமிடம் குறைவு. இப்படி ஆறு முறை. வயிறு விக்கல் மாதிரி துள்ளும்போது கையைக் காலைத் தளர்த்திவிட்டுப் படுத்திருப்பார். ஒருமுறை கேஸ் கொண்டுவந்த ஆள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணனுக்கு என்னாச்சு?" என்று அலறியிருக்கிறான். "இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு. சிலிண்டரை இறக்கு" என்றாளாம்.

ஒன்றரை வருடத்தில் மூன்று நிமிடம் பத்து விநாடி வந்தது. தரையில் வருவதில் பாதிக்கு மேல் கடலில் வேண்டாம் என்பது அந்த அம்மா போட்ட கணக்கு. ஆகவே கடலில் ஒன்றரை நிமிடம். அதை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை, ஒரு களவா மீன் வரும் வரை.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைக்கு அடியில் இருந்தது அந்தக் களவா மீன். தலை மட்டும் தவலை அளவு. ஆளைக் கண்டால் உள்ளே போய்விடும். அசையாமல் காத்திருந்தால் மெதுவாக வெளியே வரும். அது வெளியே வருவதற்கும் இவருக்கு ஒன்றரை நிமிடம் ஆவதற்கும் சரியாக இருக்கும். மூன்று ஞாயிறு இப்படியே போனது. கடைக்கு வரும் லாரிக்காரர்கள் விடவில்லை.

"என்ன பஞ்சர், களவாவைக் கூட்டிட்டு வந்தாச்சா?"

"அது வீட்டுலதான் இருக்கு. நான்தான் வாரா வாரம் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்பாராம்.

நான்காவது ஞாயிறு. கடல் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை மிதவையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். அவருடைய மூச்சுக்குழாயிலிருந்து சத்தம் வந்தது. புஸ். புஸ். புஸ். வேகமாக. நான் எண்ணினேன். பதினெட்டு.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. வாயைத் திறந்தேன். "யோவ், ஊதாதே" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மூன்று வருடமாகப் பேசாத வாய். முதலில் பேசுவது நானாக இருக்கக் கூடாது என்று பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவர் இறங்கிவிட்டார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். ஒன்றரை. கீழே பாறையோரம் அவருடைய காலில் கட்டிய துடுப்பு மட்டும் தெரிந்தது. ஒன்று நாற்பத்தைந்தில் துப்பாக்கி ‘டக்’ என்றது. ஒன்று ஐம்பதில் துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். நானும் பாதி ஆழம் வரை இறங்கி, முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரோடு மேலே வந்தேன். கண் திறந்திருந்தது. மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். விரலை வளையமாகக் காட்டினார்.

"நல்லா..." என்றார்.

அவ்வளவுதான். கண் மேலே செருகியது. உதடு நீலம். முகம் தண்ணீருக்குள் மெதுவாகக் கவிழ்ந்தது.

தாடையைப் பிடித்து முகத்தை வெளியே தூக்கினேன். இடுப்பில் எடைக்குக் கட்டியிருந்த ஈயப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டேன். அது இன்னும் கீழேதான் கிடக்கிறது. கன்னத்தில் தட்டினேன். கண்ணுக்குக் குறுக்கே ஊதினேன். மூன்றாவதாகப் பேச வேண்டும். பேரையோ உறவையோ சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை" என்றேன். "மாப்பிள்ளை, மூச்சை இழு. மூச்சை இழுய்யா."

பத்து எண்ணுவதற்குள் வராவிட்டால் வாயில் வாய் வைத்து ஊத வேண்டும். ஏழு எண்ணினேன். எட்டு. தட்டியது அறையாகவே விழுந்தது.

ஒன்பதில் கொர்ரென்று இழுத்தார். இருமினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"...இருக்கேன்" என்றார்.

நடுவில் போன நேரம் அவருக்குத் தெரியவே இல்லை.

"எதுக்கு என்னை அடிக்கிறீங்க?"

"செத்துப் போயிருப்பேய்யா."

"யாரு? நானா? மீன் மேல ஈட்டி பாஞ்சிருக்கு. அரை நிமிஷம் விடுங்க, எடுத்துட்டு வந்துர்றேன்."

கழுத்தில் கை போட்டு மிதவையோடு சேர்த்துக் கரை வரை இழுத்தேன். வழி முழுக்க மீனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மூன்று வருடப் பாக்கி எல்லாம் மீனாகவே வந்தது.

பாறையில் உட்கார்ந்து காலில் இருந்த துடுப்பைக் கழற்றினார். "ஊதினேன்" என்றார்.

"கேட்டுச்சு. பதினெட்டு."

"கேட்டுச்சுன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"நமக்குள்ள பேச்சு இல்லையே."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். குமிழி வந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி. "இங்கதான்" என்று சொல்லுவார் என்று இருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நேராக டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். நுரையீரலில் தண்ணீர் இறங்கவில்லை, ஒரு மாதம் கடல் பக்கம் போகக் கூடாது என்றார். தங்கையிடம் மாப்பிள்ளையே எல்லாவற்றையும் சொன்னார், ஊதியதையும் சேர்த்து. ஓட்டையை மறைக்கத் தெரியாத ஆள். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் சொன்னேன்.

அவள் அழவில்லை. துப்பாக்கி கடலுக்குள் கிடந்ததால் அதை அடுப்பில் போடவும் வழியில்லை. எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பாத்தாப் போதும்னு சொன்னது என் தப்பு. இனிமே தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பத்து நிமிஷம் உக்காந்து பேசணும். பேசலைன்னா வீட்டுக்கு வந்துரணும்."

"என்னத்தைப் பேசுறது?" என்றேன்.

"அது உங்க பாடு."

ஒரு மாதம் கழித்துப் போனோம். பாறையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை புது பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் போனது. வேறு விஷயம் எதுவும் இல்லாததால் குளியலறையைப் பற்றிப் பேசினோம். மூலையில் ஒரு இஞ்ச் தூக்க வேண்டும் என்றார். அரை இஞ்ச் போதும் என்றேன். அதில் இருபது நிமிடம் ஆனது. பிறகு இறங்கினோம். மெதுவாக மூச்சு விட்டு, மெதுவாக இழுத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் இருவரும் போகவில்லை. களவா அங்கே இல்லை. ஈட்டியோடு எங்கே போனதோ.

போன மாதம் குளியலறைத் தரையை உடைத்து மறுபடி போட்டேன். முக்கால் இஞ்ச் தூக்கினேன். மாப்பிள்ளை வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்தவைத்துப் பார்த்தார். தண்ணீர் ஓட்டைக்குப் போனது.

"போகுது" என்றார். "மெதுவாத்தான் போகுது, மச்சான்."