வேன் வராத திங்கட்கிழமை

மலேசியாவின் ஈப்போவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நான் பிராடக்ட் ஓனர். பெயரில்தான் ஓனர், அங்கே எதுவும் எனக்குச் சொந்தமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் குழு செயலியில் புதிதாக ஏதாவது செய்து முடிக்கும். எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுப்பது நான். முடித்ததைப் பார்த்து, ‘சரி, வெளியிடலாம்’ என்று சொல்வதும் நான்தான். அதற்கு முன்பு எட்டு வருடம் ஒரு டயாலிசிஸ் மையத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன். அதனால்தான் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

செயலியும் அந்த மையத்துக்குத்தான். மையத்தின் தாதிகள், அதாவது நர்ஸ்கள், குறிக்கும் நேரத்தை நோயாளி தன் கைப்பேசியில் பார்க்கலாம். ஏற்றி வரும் வேன் ஓட்டுநருக்கும் அன்றைய பட்டியல் அதில் வரும்.

“அக்கா, தாதி நேரத்த மாத்துனா பேஷன்டுக்கு மட்டும்தான் தெரியுது. டிரைவர் லிஸ்ட் மாறல. அத முதல்ல செஞ்சிடலாமா?” என்று கேட்டாள் எங்கள் புரோகிராமர்.

மையத்தின் தலைவருக்கோ, நோயாளியின் குடும்பத்தினர் பார்க்கும் புதுப் பக்கத்தை ஒரு கூட்டத்தில் காட்டியாக வேண்டும். தினமும் எனக்குப் போன்.

“அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்லா. அதுவரைக்கும் தாதிங்க டிரைவருக்குப் போன் பண்ணட்டும்,” என்றேன். அவள் தயங்கினாள். நான் பட்டியலில் அந்த வேலையைக் கீழே தள்ளினேன். தாதிகளிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். சொல்ல மறந்துவிட்டேன்.

செயலி வெளிவந்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, காலை எட்டரைக்குத் தலைமைத் தாதி அழைத்தார்.

“சுங்கை சிப்புட் எஸ்டேட்லேர்ந்து வர்ற பேஷன்ட் அண்ணன் இன்னும் வரலம்மா. நேத்துதான் அவர் நேரத்த இன்னிக்குக் காலைக்கு மாத்துனோம். டிரைவர் லிஸ்ட்ல அவர் பேரே இல்லையாம். அண்ணன் போனும் எடுக்கல. போன தடவ டயாலிசிஸ பாதியிலேயே நிறுத்திட்டோம், உடம்புல தண்ணி நிக்குது. தனியா வேற இருக்காரு.”

முகவரியை வாங்கிக்கொண்டு காரை எடுத்தேன். சுண்ணாம்பு மலைகளைத் தாண்டும்வரை அந்த அண்ணன் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவர் தரையில் கிடப்பது போலவே தோன்றியது.

ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் ஏழெட்டு வீடுகளில்தான் ஆள். அண்ணன் தன் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் துணிப்பை. கால்கள் வீங்கிப் பளபளத்தன. மூச்சு இரைத்தது. கைப்பேசி உள்ளே மேசையில் கிடந்தது, எழுந்துபோய் எடுக்க அவரால் முடியவில்லை.

“வேன்... அஞ்சு மணிலேர்ந்து...” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

தாதியை அழைத்தேன். “மூச்சு வாங்குதா? ஈப்போவுக்குக் கொண்டு வராதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, உடனே!”

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அவரைத் தூக்கி முன்னிருக்கையில் சாய்த்தோம். வழியெல்லாம் சாலையைவிட அவர் நெஞ்சைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு கட்டத்தில் இரைப்புச் சத்தம் நின்றது. “அண்ணே!” என்று கத்தினேன். கண்ணைத் திறந்து, “இருக்கேன்மா,” என்றார்.

ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் என் மேலாளர், “மையத்துக்கும் டிரைவருக்கும் நடுவுல தகவல் கோளாறுன்னு ரிப்போர்ட்டுல எழுதிடுங்க,” என்றார். அப்படியே எழுதிவிட எனக்கும் ஆசைதான். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் குழுவினர் முன்னால், “இவ சொன்னா. நான்தான் தள்ளி வச்சேன்,” என்றேன். புரோகிராமர் என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடும்பப் பக்க வேலையை நிறுத்திவிட்டு ஓட்டுநர் பட்டியலைச் சரிசெய்தோம். தலைவர் கோபித்துக்கொண்டார். என் வேலை போகவில்லை.

ஆஸ்பத்திரியில் எஸ்டேட் அண்ணனைப் பார்த்து, நடந்தது என் முடிவால்தான் என்று சொன்னேன். அவர், “எது முதல்ல வேணும்னு பேஷன்டுங்க எங்கள்ல யாரையாச்சும் கேட்டிருக்கலாமேம்மா,” என்றார்.

இப்போதும் ஏதாவது ஒரு வேலையைப் பட்டியலில் கீழே இறக்கும்போது விரல் ஒரு நொடி நின்றுவிடுகிறது.