உழு என்றால் விழு

ஜப்பான் மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பிடிப்பது, தள்ளுவது, விழுவது, இவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடத் தெரியாது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி ஹாலில் ஐகிடோ கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது நான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். பகலில் ஒரு ரெடிமேட் துணி யூனிட்டில் சூப்பர்வைசர். சாயங்காலம் விரிப்பில் உருளும் ஆள். "இந்த வயசுல குட்டிக்கரணம் அடிச்சு என்னத்த கிழிக்கப் போற?" என்றார் என் வீட்டுக்காரர். கிழிக்கிறேனா இல்லையா என்று இருந்து பாருங்கள் என்றேன்.

வார்த்தைகள்தான் என்னைப் படாத பாடு படுத்தின. தாக்க வந்து கடைசியில் கீழே விழுகிறவர் உகே. அவரை வீசுகிறவர் நாகே. எதிராளியை நோக்கி உள்ளே நுழைவது இரிமி. அடிபடாமல் விழும் வித்தைக்கு உகேமி என்று பேர். மாஸ்டர் "உஷிரோ" என்றால் பின்னாலிருந்து பிடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். என் காதில் அது உசுரு என்றே விழுந்தது. பின்னாலிருந்து ஒருத்தன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தால் உசுரைத் தவிர வேறென்ன ஞாபகம் வரும்? அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு மறந்ததே இல்லை.

கறுப்புக்கு முந்தின படியான பழுப்பு பெல்ட் வாங்கியதும், எங்கள் ஊரான வெண்ணந்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினேன். ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. விரிப்புகளைச் சேலம் மாஸ்டர் கொடுத்து உதவினார். வந்தவர்கள் எல்லோரும் விசைத்தறிப் பெண்கள், ஷிப்ட் முடிந்து இருட்டில் வீட்டுக்கு நடக்கிறவர்கள். கையைப் பிடித்து இழுக்க எங்கள் ஊரிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை.

முதல் வாரம் "உகேமி!" என்று கத்தினேன். ஒரு பெண் திரும்பி, "என்னங்கக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள். அதற்குள் ஜோடிக்காரி தள்ளிவிட்டாள். முழங்கை விரிப்பைத் தாண்டித் தரையில் மோதி அதிரசம் மாதிரி வீங்கிவிட்டது. எனக்கு அந்த வார்த்தைமேல் அப்படியொரு கோபம் வந்தது. காப்பாற்ற வேண்டிய வார்த்தையே ஆளைக் கவிழ்த்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த தடவை "உழு!" என்றேன். எங்கள் பக்கத்தில் விழு என்பதை அப்படித்தான் சொல்வோம். சொன்ன மாத்திரத்தில் அத்தனை பேரும் தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, அழகாக உருண்டார்கள். அதற்குப்பின் இரிமி "உள்ள பூரு" ஆனது. உஷிரோ "பின்னாடி பாரு" ஆனது.

கறுப்பு பெல்ட் தேர்வுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் சேலம் வந்தார். நான் நன்றாகத்தான் செய்தேன், இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. முடிந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தார். எங்கள் வகுப்பின் வீடியோவை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"உழு, உழுன்னு கத்தறீங்களே, அங்க என்ன ஏர் ஓட்டறீங்களா?"

ஹாலே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

"எங்கூர்ல விழுறதத்தானுங்க அப்படிச் சொல்லுவோம்."

"உலகம் பூரா இந்த வார்த்தைங்க ஒண்ணுதாம்மா. பிரேசில் போனாலும் உகேமின்னாதான் விழுவாங்க. இனிமே ஜப்பான் வார்த்தையில மட்டும்தான் சொல்லித்தருவேன்னு ஒத்துக்குங்க, பெல்ட்டை இப்பவே கட்டிடலாம். இல்லன்னா பெல்ட்டும் கிடையாது, இவங்க குடுத்த விரிப்பும் திரும்பி வந்துடணும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மொழி தெரியாத இரண்டு பேர் சேர்ந்து பயிற்சி செய்ய அந்த வார்த்தைகள் போதும். ஆனால் வெண்ணந்தூரில் எந்த பிரேசில்காரன் வந்து எங்கள் கையைப் பிடிக்கப் போகிறான்?

பெல்ட் அவர் முன்னால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எத்தனை வருஷ ஆசை அது! சேலம் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐகிடோ ஹாலில் பெரியவர்கள் எது சொன்னாலும் "ஹாய்" என்று தலைகுனிய வேண்டும், சரி என்று அர்த்தம். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். மாட்டேன் என்பதற்கு ஜப்பானில் என்ன வார்த்தையோ, அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"முடியாதுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன்."

முறைப்படி குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தேன். பஸ் மல்லூர் தாண்டும்வரை அழுதேன். பெல்ட் போன வருத்தம்தான், வேறென்ன? கட்டியிருந்தால் கண்ணாடி முன்னால் நின்று நாள் முழுக்கப் பார்த்திருப்பேன்.

அந்த வாரமே ஒரு டெம்போ வந்து விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெறும் சிமெண்ட் தரையில் யாரை விழச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போய், வகுப்பு இனி இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். போனால், வாசலில் சாக்கு மூட்டைகள். தறிக்கூடத்தில் மிஞ்சும் கழிவு நூலை வகுப்புப் பெண்கள் சாக்கில் திணித்து, வாயைக் கோணி ஊசியால் தைத்துத் தலையில் சுமந்து வந்திருக்கிறார்கள். உள்ளே இழுத்துப்போட்டு வரிசையாகப் பரப்பினார்கள்.

இருக்கிறதிலேயே ஒல்லியான பெண் என் முன்னால் வந்து கையை நீட்டினாள். "பாயி போனாப் போவுதுங்கக்கா. கையப் புடிங்க."

பிடித்தேன், நிஜமாகவே இறுக்கித்தான் பிடித்தேன். அடுத்த நொடி மூட்டைமேல் மல்லாந்து கிடந்தேன். தறி எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. அவள் பதறிப்போய்க் குனிந்தாள்.

"ஐயோ, அடி பட்டுப்போச்சுங்களாக்கா?"

"இல்ல. இன்னொருக்கா போடு."