முனை கிள்ளிய சீட்டு

மேலிருந்து விசில் விழும். நிமிர்ந்து பார்த்தால் ஆளிருக்காது. காங்கேயத்துக்குக் கிழக்கே எங்கள் பன்னிரண்டு ஏக்கர் "கொறங்காட்டில்", மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்டிருந்த அந்தப் புல்வெளியில், மாசி மாதக் காலைகளில் சாம்பல் தலை வானம்பாடி உயரே ஏறி, சிறகை மடக்கி, நீண்ட சீழ்க்கையோடு கல்லைப் போல் விழும். காட்டின் நடுவே காய்ந்த சாணத்தை ஒட்டிய குளம்புக்குழிதான் அதன் கூடு. முதல் முட்டையைப் பார்த்த தேதியை ஒவ்வோர் ஆண்டும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவைப்பேன்.

தொண்ணூற்று நான்கில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் காட்டைப் பாகம் பிரித்தார்கள். வீட்டின் கடைசிக் குழந்தைதான் சீட்டு எடுக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு ஒன்பது வயது. சீட்டுகளை மடித்ததும் நான்தான். "நடு" என்று எழுதிய தாளின் முனையை நகத்தால் கிள்ளிவைத்து, அப்பாவின் முறையில் அதையே எடுத்தேன். கூடு எங்கள் பங்கில் இருந்தால் பறவையும் எங்களுடையதாகிவிடும் என்று நம்பினேன்.

எங்கள் பங்கின் இருபுறமும் ஆளுயரக் கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக நட்டு வேலி போட்டார்கள். மழை பெய்ததும் துளிர்த்து இரண்டு பச்சைச் சுவர்களாயின. "புல்லு அதே புல்லு, மண்ணு அதே மண்ணு. அது எங்க கண்ணு போயிரும்?" என்ற அப்பா, எனக்காக அடுத்து வந்த மாசியில் மாடுகளைக்கூட உள்ளே விடவில்லை.

பறவை வந்தது. ஏறியது, விழுந்தது, வேலி உயரத்தை நெருங்கியதும் யாரோ வாயைப் பொத்தியதுபோல் விசில் பாதியில் அறுந்தது. மறுபடி ஏறியது, அதே உயரத்தில் மறுபடி அறுந்தது. ஒன்பது நாள் இப்படியே. வேலிமேல் இரண்டு காக்கைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. குழி காலியாகவே கிடந்தது. பத்தாம் நாள் வானத்தில் ஒன்றுமில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து சித்தப்பா சிரித்தார்: "ஏனுங்ண்ணா, குருவியையும் மூணா வெட்டிப் பத்திரம் எழுதிப்போட்டீங்களா?"

"உம்பக்கம் எறங்குச்சா?" என்றார் அப்பா.

"இல்லீங்க. பெரியண்ணன் பக்கமும் இல்லீங்க." அவர் சிரிப்பும் அதோடு நின்றது.

தரையில் கூடு வைக்கும் சில பறவைகளுக்குத் தடையில்லாத பெரும்பரப்பு வேண்டும், புல் அப்படியே இருந்தாலும் துண்டு சிறுத்தால் அவை தங்காது என்று பின்னாளில்தான் படித்தேன். நான் சீட்டை நேர்மையாக எடுத்திருந்தாலும் அது போயிருக்கும். அது தெரிந்தும் மனம் ஆறவில்லை.

இந்த மாசியில் அப்பாவோடு அந்த நான்கு ஏக்கருக்குப் போனேன். புல் முழங்காலுக்கு நின்றது. கிள்ளிய முனையைப் பற்றி முதன்முறையாகச் சொன்னேன்.

"நீ கிள்ளுனத அன்னைக்கே பாத்தேன் கண்ணு," என்றார். "எனக்கும் கூடு வேணும்னு இருந்துச்சு."

இருவரும் நிமிர்ந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றோம்.